நோய்க் குறியீட்டின் வரலாறும் இடைவிட்டு மீள்வோர் கல்வியும்

பிணிக்குப் பெயரிடுதல் மருத்துவர் தொழில். அப்பெயருக்கு எண்ணிடுதல் பிறிதொரு தொழில். பின்னதனையே மருத்துவக் குறியீட்டுத் தொழில் என்பர். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோயினையும் சிகிச்சையினையும் உரிய எண்களாக்கி, அவ்வெண்களைக் கொண்டு காப்புறுதி நிறுவனத்திடம் கட்டணம் கோருவது இதன் இயல்பு. சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களில் அமெரிக்க வைத்தியசாலைகளுக்காக இப்பணி புரிவோர் பலர். அவருள் பெண்களும் மிகுதி. மகப்பேறு முதலிய காரணங்களாற் சில ஆண்டுகள் விலகிநின்று மீண்டும் வர விழைவோர், தாம் கற்றதெல்லாம் கழிந்ததோ என அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பாதி மெய், பாதி பொய். எப்பாதி மெய் என்பதைத் தொழிலின் வரலாறே காட்டவல்லது.

எண்ணிடும் வழக்கம் பணத்தின்பொருட்டுப் பிறந்ததன்று. சாவினைக் கணக்கிடுதற்கே பிறந்தது. இலண்டன் நகரத்து இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து யோன் கிரௌண்ட் 1662 இல் நூல் வெளியிட்டார். 1839 முதல் இங்கிலாந்துப் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்திற் கடமையாற்றிய வில்லியம் ஃபார், ஒரு நோய்க்குப் பல பெயரும் பல நோய்க்கு ஒரு பெயரும் வழங்கும் குழப்பத்தைக் கண்டு, ஒழுங்கான வகைப்பாடு வேண்டுமென வற்புறுத்தினார். (யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கத் தமிழ்க் கலைச்சொற்களைத் தேடி உழைத்ததும் அதே நூற்றாண்டிலாம். பெயர் மொழிக்கு மொழி வேறுபடும், எண் வேறுபடாது.) 1893 இல் பிரான்சு நாட்டவரான யாக் பெர்த்தியோன் சிக்காகோ நகரிற் சமர்ப்பித்த இறப்புக் காரணப் பட்டியலே இன்றைய சர்வதேச நோய் வகைப்பாட்டின் மூலம். 1948 இன் ஆறாந் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றது. இறப்போடு நோயும் அதன்கண் இடம்பெற்றது.

பணம் பின்னரே நுழைந்தது. அமெரிக்காவில் முதியோர்க்கான மெடிக்கெயர் காப்புறுதி 1965 இற் சட்டமாயிற்று. மறு ஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கம் சிகிச்சை முறைகளுக்கான குறியீட்டு நூலை வெளியிட்டது. 1983 இல், நோயின் வகைக்கேற்ப வைத்தியசாலைக்குத் தொகை வரையறுக்கும் முறை வந்தது. அதன்பின் எண் பிழைத்தால் புள்ளிவிபரம் மட்டுமன்று, வருவாயும் பிழைக்கும் என்றாயிற்று.

இனி, இடைவிட்டோரைப் பெரிதும் மருட்டும் மாற்றத்துக்கு வருவோம். அமெரிக்கா தனக்கெனத் திருத்திய ஒன்பதாம் வகைப்பாட்டை விடுத்து, 2015 ஒக்டோபர் 1 முதல் பத்தாவதனைக் கைக்கொண்டது. ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 68,000 ஐக் கடந்தன. எண்ணின் பெருக்கத்தைக் காட்டிலும் சிந்தனையின் மாற்றமே பெரிது. நாயாற்றில் வலையிழுக்கும் ஒருவரைப் பாம்பு தீண்டியதாகக் கொள்வோம். பழைய முறையில் பாம்பாயினும் தேளாயினும் நஞ்சுக்கு 989.5 என்பது ஒன்றே. தீண்டியது நச்சுப்பாம்பு என்பதை ஈ 905.0 எனும் வேறோர் எண் உரைக்கும். புதிய முறையிலோ நாகம் தீண்டினால் டீ 63.04 என்பதன்கீழ்ச் சென்று, தற்செயலா பிறர் செயலா என்பதும், முதற் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பதும் ஒரே குறியீட்டினுள் அமையும். தீண்டியது புடையனாயின்? வட அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புக்குத் தனியெண் உண்டு. நம் வன்னிக் காட்டுப் புடையனுக்கு இல்லை. 'ஏனைய ஆபிரிக்க, ஆசியப் பாம்புகள்' என்னும் டீ 63.08 இல் அது பத்தோடு பதினொன்றாகும். வகைப்பாடு செய்தோர் எந்நாட்டினர் என்பது இதனாற் புலனாகும். மாரடைப்பின் எல்லையும் பெயர்ந்தது. முன்னர் 8 வாரம் வரை 'புதியது' எனப்பட்டது, இப்போது 4 வாரம் வரையே அங்ஙனம் கொள்ளப்படும். ஆதலின் பழைய எண்ணுக்கு நேரே புதிய எண்ணைப் பட்டியலிட்டு நெட்டுருச் செய்வது வீண் முயற்சி என்பது எம் கருத்து.

இதே மீனவர் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டால் கட்டணச் சிட்டை எழாது. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். எனினும் அவர் நோய் குறிக்கப்பட்டு, சுகாதார அமைச்சின் உள்நோயாளர் விபரத்திரட்டிற் சேரும். எண்ணிடுதலின் ஆதிப் பயன் இங்கே மாறாது நிற்கின்றது.

மாறாதவையும் பல. உடலமைப்பியல் மாறவில்லை. மருத்துவர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகித்து எழுதலாகாது என்னும் விதி மாறவில்லை. வெளிநோயாளர்க்கு 'நிமோனியாவாக இருக்கலாம்' என எழுதப்பட்டிருந்தால், நிமோனியாவுக்கு எண்ணிடாது இருமல், காய்ச்சல் ஆகிய குறிகளுக்கே எண்ணிட வேண்டும் என்பதும், வைத்தியசாலையில் தங்கி வெளியேறியவர்க்கு அவ்வையத்தையே நோயாகக் கொள்ளலாம் என்பதும் இரு வகைப்பாட்டிற்கும் பொது. மேலும், எண்ணைத் தீர்மானிப்பது சிகிச்சை நடந்த நாள். வைத்தியசாலையில் தங்கியவர்க்கு வெளியேறிய நாள். 2015 செப்டெம்பர் மாதத்து வெளிநோயாளர் சீட்டொன்று இன்று மறுபரிசீலனைக்கு வந்தாலும் அதனைப் பழைய எண்ணாலேயே அளக்க வேண்டும். வரலாற்று மாணவர்க்கு இது புதிதன்று. சோழர் கல்வெட்டின் நிலவளவை அக்காலத்துக் கோலைக் கொண்டன்றோ கணிக்கிறோம்!

மீள்வோர் முதலில் வினவ வேண்டியது, 'நான் விலகிய நாள் எது, அதன்பின் எவை மாறின?' என்பதே. நோய் எண்கள் ஆண்டுதோறும் ஒக்டோபர் 1 இலும், சிகிச்சை எண்கள் சனவரி 1 இலும் புதுக்கப்படும். கொவிட் நோய்க்கு யூ 07.1 என்னும் எண், ஒக்டோபருக்குக் காத்திராது 2020 ஏப்ரல் 1 இலேயே நடைமுறைக்கு வந்தது. 2021 சனவரியில் வெளிநோயாளர் சந்திப்பின் தரம் பற்றிய விதி மாறியது. வரலாறு கேட்டலும் உடற்பரிசோதனையும் எத்துணை என எண்ணிய முறை ஒழிந்து, மருத்துவர் முடிவெடுத்தலின் சிக்கலோ செலவிட்ட நேரமோ அளவுகோலாயிற்று. 2023 இல் அது வைத்தியசாலைச் சந்திப்புகளுக்கும் விரிந்தது. 2020 இல் விலகியவர் இவ்விதியை ஊன்றிக் கற்க வேண்டும்; 2014 இல் விலகியவரோ பத்தாம் வகைப்பாட்டின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். இருவரையும் ஒரே வகுப்பில் இருத்தி ஒரே பாடம் புகட்டுதல் காலவிரயம். சான்றிதழ் பெற்றோர் அதனைக் காத்துக்கொள்ள, அமெரிக்கக் குறியீட்டாளர் சங்கம் ஈராண்டுக்கு 36 தொடர்கல்வி அலகுகளை விதிக்கின்றது. பணியில்லாக் காலத்தும் அவற்றை நிறைவேற்றியோர்க்கு மீளும் வழி குறுகியது.

பதினோராந் திருத்தம் 2019 இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி 1 முதல் உலகளாவிய நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கட்டணக் கோரிக்கைகள் அதற்கு இன்னும் மாறவில்லை. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவத்தின் நோய்ப்பெயர்களையும் கொண்ட பகுதியொன்று 2024 சனவரியிற் புதுதில்லியில் அத்திருத்தத்துக்கென வெளியிடப்பட்டது. நம் வைத்தியர் ஏட்டில் எழுதிவைத்த வாதமும் பித்தமும் இப்போது சர்வதேச எண் பெற்றுவிட்டன.