பரீட்சையின் கடினமும் பல்கலைக்கழகத்தின் கதவும்: கொழும்புத் தமிழரிடையே ஒரு நூற்றாண்டுத் தேடல்

ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலரேட்) டிப்ளோமா போன்ற கடினமான பாடத்திட்டத்தைப் படித்தால் பல்கலைக்கழக அனுமதி எளிதாகுமா? கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இக்கேள்வி பெரும்பாலும் வேறு வடிவில்தான் எழுகிறது: பிள்ளையைப் பிரித்தானியப் பரீட்சையான லண்டன் ஏ.எல். (உயர்தரம்) படிக்க விடுவதா, உள்ளூர் ஏ.எல்.லிலேயே வைத்திருப்பதா?

வெளிநாட்டுப் பரீட்சை இங்கே புதிதன்று. கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1880களிலேயே இலங்கைக்கு வந்துவிட்டன. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை லண்டன் பட்டத்துக்கே தயார்செய்தது. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும் அன்று ஒரே திசையில் இருந்தன. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபின் கதவு உள்ளூருக்கு வந்தது. இலவசக் கல்வியும் தாய்மொழி வகுப்புகளும் அதைத் தட்டுவோரைப் பெருக்கின. இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

அந்த நெரிசலில்தான், மொழிமூலத்துக்கேற்ப வெட்டுப்புள்ளியை வேறுபடுத்திய தரப்படுத்தல் வந்தது. 1970ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயின. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. அது யாழ்ப்பாணத்தோடு கொழும்பையும் நெருக்கியது. கொழும்புச் சிங்கள மாணவரும் அதில் இடம் இழந்தனர் என்பதைத் தமிழ் எழுத்துகள் அதிகம் சொல்வதில்லை. விகிதங்கள் பலமுறை மாறி, இன்று பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காடு நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன.

2001இல் வந்த இசட் புள்ளி முறையே இங்கு நமக்கு முக்கியம். மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். வினாத்தாள் கடினமாக இருந்தால் சராசரியும் இறங்கும். ஆகவே கடினம் கணக்கிலேயே அடிபட்டுப்போகும். எவ்வளவு கடினமானதைப் படித்தாய் என்பதை இம்முறை கேட்பதில்லை. உன்னோடு எழுதியவர்களுக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்பதையே கேட்கிறது. பற்றாக்குறையான இடங்களைப் பங்கிட இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வரிசைக்குள் வராத பரீட்சை எவ்வளவு உயர்ந்ததானாலும் இங்கே எடையற்றது. வெளிநாட்டுத் தகைமையாளருக்கென ஒவ்வொரு கற்கைநெறியிலும் அதிகபட்சம் 0.5 விழுக்காடு இடங்கள் உண்டு. அதுவும் முதன்மையாக வெளிநாட்டில் படித்துத் திரும்புவோரை எண்ணி வைத்தது.

கடல் கடந்தால் தர்க்கம் தலைகீழாகிறது. 1968இல் ஜெனீவாவில் அமைப்பாக உருவெடுத்த ஐ.பி.யில் ஆறு பாடங்கள், 4,000 சொற்கள்வரையான ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு, சமூகப் பணி எல்லாம் சேர்கின்றன. உச்சம் 45 புள்ளிகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர் எடுத்த பாடங்களின் கடினத்தையே ஒரு தகுதியாகப் பார்க்கின்றன; ஐ.பி.யின் உயர்நிலைப் பாடங்களில் நல்ல பெறுபேறு இருந்தால் பல இடங்களில் பட்டத்துக்கான பாட அலகுகளும் கிடைக்கும். பிரித்தானியாவிலோ லண்டன் ஏ.எல். போதும், உள்ளூர் ஏ.எல்.லையும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. அங்கே செல்ல மட்டும் ஐ.பி.க்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதே என் எண்ணம்.

லண்டன் ஏ.எல். கொழும்பில் பரவிய வழியும் கவனிக்கத்தக்கது. புதிய தனியார் பாடசாலைகளை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தில், கம்பனிகளாகப் பதிவான சர்வதேசப் பாடசாலைகள் அத்தடையைச் சுற்றிக்கொண்டு வளர்ந்தன. வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் குடியேறியோருக்கு வெளிநாட்டில் உறவுகளும் இருந்தன, லண்டன் ஏ.எல். அவர்களுக்குப் பொருந்தியது. 1990இல் தொடங்கிய ஐ.ஐ.டி. தனியார் நிறுவனம், வெள்ளவத்தை ராமகிருஷ்ணா வீதியிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணினிப் பட்டத்தை வழங்கியபோது, விமானம் ஏறாமலே அந்தக் கதவு திறந்தது.

மருத்துவம் அப்படியன்று. அரச பீடத்தில் கட்டணமில்லாத இடம் வேண்டுமென்றால் உள்ளூர் உயர்தரத்தைத் தவிர நடைமுறையில் வழியில்லை. லண்டன் ஓ.எல். எழுதியவர் பின்னர் அதற்குத் திரும்புவது முடியாததன்று; ஆனால் பாடத்திட்டமும் மொழியும் ரியூசனும் வேறு. எனவே இந்தத் தெரிவு உயர்தர வாசலில் நடப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் பதினான்கு, பதினைந்து வயதிலேயே, பெரும்பாலும் பெற்றோரின் பணக்கணக்கில், முடிந்துவிடுகிறது.