'யூ' என்றால் நீயா, நீங்களா? ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆசிரியர்களே, மாணவர்களே, 'யூ வாஸ் லேட்' என்று எழுதிச் சிவப்பு மை வாங்காத பயிற்சிப் புத்தகம் நம் பள்ளிகளில் குறைவு. ஹீ வாஸ், ஷீ வாஸ், இட் வாஸ் என்று வரிசையாக வருகிறது. எதிரில் நிற்பவரும் ஒருத்தர்தானே, அவருக்கு மட்டும் ஏன் 'வேர்'? இப்படிக் கேட்கிற பிள்ளையிடம் "அது ரூல், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அது நியாயமான கேள்வி. அதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரைச் சுட்ட ஒரு சொல், பலரைச் சுட்ட வேறு சொல் இருந்தன. பின்னாளைய உச்சரிப்பில் சொன்னால், ஒருவருக்குத் 'தௌ', பலருக்கு 'யீ'. இன்று நாம் படிக்கும் 'யூ', அந்த 'யீ'யின் செயப்படுபொருள் வடிவம், அதாவது 'உங்களை'. பிறகுதான் அது எழுவாய் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரண்மனையில் பிரெஞ்சு புழங்கியது. பிரெஞ்சில் பெரியவர் ஒருவரைப் பன்மையில் அழைப்பதே மரியாதை. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்தது. மேலோரிடம் 'யூ', வேலையாளிடம் 'தௌ'. நாம் தலைமையாசிரியரிடம் 'நீங்கள்', தம்பியிடம் 'நீ' என்கிறோமே, அதேதான். தமிழிலும் 'நீர்' முதலில் பன்மை. அது ஒருவருக்கான மரியாதைச் சொல்லாகிவிட, 'கள்' சேர்ந்து 'நீங்கள்' வந்தது. இப்போது அதுவும் ஒருவருக்கே மரியாதையாகிவிட்டது, பாருங்கள்!

இந்த வேறுபாடு விளையாட்டல்ல. 1603-இல் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் வேண்டுமென்றே அவரைத் 'தௌ' என்று அழைத்து அவமதித்தார். நேர்மாறாக, குவேக்கர் சமயத்தாரோ கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ், ஒருமையையும் பன்மையையும் கற்பிக்கவென்றே 1660-இல் மற்ற இருவரோடு சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தும் புத்தகம் அது!

ஆனாலும் 'தௌ' தோற்றது. அறிமுகமில்லாதவரிடம் எதைச் சொல்வது என்ற சங்கடம் வந்தபோது, எல்லாரிடமும் 'யூ' என்றால் வம்பில்லை என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள் என்றே எனக்குப் படுகிறது. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொது ஆங்கிலத்தில் 'தௌ' ஏறக்குறைய மறைந்தது. 'யூ' ஒருவரையும் சுட்டியது, ஆனால் கூடவே வந்த 'ஆர்', 'வேர்' இரண்டும் பன்மை வினைகளாகவே நின்றுவிட்டன.

அடுத்து நடந்தது சுவாரசியமானது. 18-ஆம் நூற்றாண்டில் படித்த ஆங்கிலேயர்களே ஒருவரைக் குறிக்கும்போது 'யூ வாஸ்' என்று எழுதினார்கள். 1762-இல் ராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில் அதைப் பெரும் பிழை என்று கண்டித்தார். பள்ளி இலக்கணங்கள் அவர் வழியில் போயின. நம்ம மாணவர் செய்கிற தப்பை இலண்டன் கனவான்களும் செய்திருக்கிறார்கள்!

ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தலைமையாசிரியர் ஒருத்தர்தான், ஆனாலும் 'நீங்கள் வந்தீர்கள்' என்கிறோம். 'யூ வேர்' அந்த மாதிரி." வினை ஏன் பன்மையில் நிற்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

ஆங்கில இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு ஒன்று. 1611-ஆம் ஆண்டு பைபிள் மொழிபெயர்ப்பில் கடவுளைத் 'தௌ' என்று அழைப்பதால், அது உயர்ந்த மரியாதைச் சொல் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வெறும் ஒருமை. நாம் முருகனை 'நீ' என்று பாடுவதில்லையா? ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு பாத்திரம் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு மாறினால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாசமோ கோபமோ ஏறியிருக்கலாம்.

ஒருமைச் சொல் போனதால் பன்மைக்கும் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்கத் தெற்கில் 'யால்' என்கிறார்கள், நம்மூரில் 'யூ ஆல்' என்கிறோம். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எஸ்.பி.எம். கட்டுரையில் மட்டும் 'யூ' போதும்.