காற்றின் கைரேகை

பிசிபி எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து அனிஸ்டன் நகரில் 1929-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, லேசில் சிதையாது. டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், பெயின்ட், நகல்தாள் என்று அது நுழையாத தொழில் குறைவு. உலகம் முழுவதிலும் சுமார் 13 லட்சம் டன் தயாரானது. சிதையாமைதான் அதன் விலைமதிப்பு. வெளியே கசிந்தால் அந்தக் குணமே வினையாகும் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

தெரியவைத்தவர் சுவீடன் வேதியியலாளர் சோரன் யென்சன். 1964-இல் அவர் தேடியது டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை. விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 1957-இல் வடிவமைத்த எலக்ட்ரான் பிடிப்பு உணரி, குளோரின் கலந்த சேர்மங்களை நுண்ணளவிலும் காட்டிக்கொடுத்தது. வரைபடத் தாளில் டிடிடி முகடுகளுக்கு நடுவே பெயர் தெரியாத வேறு முகடுகளும் எழுந்தன. அருங்காட்சியகத்தில் இருந்த 1944-ஆம் ஆண்டுக் கழுகு இறகை எடுத்துச் சோதித்தார். அதிலும் அதே முகடுகள். டிடிடி சுவீடனில் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய இறகு அது. மனைவியின் தலைமுடியிலும் கைக்குழந்தையின் முடியிலும்கூட அவை இருந்தன. தாய்ப்பால் வழியாகவே குழந்தைக்குப் போயிருக்க வேண்டும். 1966-இல் அந்தப் பொருள் பிசிபி என்று அறிவித்தார். பழைய இறகைத் தேடிப்போன அந்த ஒரு முடிவு, இத்துறையின் ஆகச் சிறந்த சோதனைகளில் ஒன்று.

1980-களின் நடுவில் கனடாவின் கியூபெக்கில் ஆய்வாளர் எரிக் டெவாய் தாய்ப்பால் மாதிரிகளைச் சேகரித்தார். மாசு தீண்டாத ஒப்பீட்டுக்காக வடகோடி நுனாவிக்கின் இன்யூட் பூர்வகுடித் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய பாலில் தெற்கைவிடச் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. ஆலையே இல்லாத பனிநாட்டுக்கு அது எப்படி வந்தது? முதல் சந்தேகம் பனிப்போர்க் கால ராடார் நிலையங்கள்மீது விழுந்தது. அவை சுற்றுப்புறத்தைக் கெடுத்தது உண்மைதான். ஆனால் வட்டாரம் முழுவதற்கும் அது கணக்காகவில்லை.

மீதிக் கணக்கு காற்றில் இருந்தது. பீரோவில் போட்ட அந்துருண்டை கரைந்து துணியெல்லாம் ஏறுவதுபோல, வெப்பமான ஊர்களில் பிசிபி மெல்ல ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் படியும். மறுபடி வெயில் பட்டால் எழும்பும். இப்படித் தாவித் தாவித் துருவத்தை எட்டும். அங்கே கடல் உயிரிகளின் கொழுப்பில் சேர்ந்து, சீல், திமிங்கிலம் வழியாக மனிதருக்கு வரும்.

இதை நேரில் அளக்க, கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள எல்லெஸ்மியர் தீவின் அலர்ட் நிலையத்தில் 1992 முதல் காற்று சேகரிக்கப்படுகிறது. ஒரு பம்ப் வாரம் முழுவதும் ஓடி, பத்தாயிரம் கன மீட்டருக்கும் மேல் காற்றை இழுக்கும். முன்னே உள்ள கண்ணாடியிழை வடிதாள் தூசியைப் பிடிக்கும். பின்னே உள்ள இரண்டு நுரைப்பஞ்சுகள் ஆவியைப் பிடிக்கும். காற்று படாத வெற்றுப் பஞ்சு ஒன்றும் அவ்வப்போது கூடவே ஆய்வகத்துக்குப் போகும். அதில் தெரியும் அளவைக் கழித்த பிறகே மிச்சத்துக்கு மதிப்பு. கணக்கு பிகோகிராமில், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பிறகு வானிலைப் பதிவுகளைக் கொண்டு, அந்தக் காற்று முந்தைய சில நாள்களில் எந்த நாடுகளைக் கடந்து வந்தது என்று பின்னோக்கி வரைவார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பரங்கிப்பேட்டைக் காற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அளந்தார்கள். பிசிபி போலவே காற்றில் பயணிக்கும், விவசாயிகள் பிஎச்சி பவுடர் என்று அழைத்த பூச்சிக்கொல்லியின் அளவு நெற்பருவத்தில் ஏறுவதை 1989-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. வயலில் தூவியது வயலோடு நிற்கவில்லை. அதே வகை மருந்தைச் சீனா 1983-இல் கைவிட்டதும் ஆர்க்டிக் காற்றில் அதன் அளவு சரிந்தது.

இந்தச் சான்றுகள், இப்படிச் சிதையாத நச்சுகளைத் தடுக்கும் உலக உடன்படிக்கைக்கு இட்டுச் சென்றன. 1999 நைரோபிப் பேச்சுவார்த்தையில் இன்யூட் தலைவி ஷீலா வாட்-குளூட்டியே தாயும் சேயுமான சிற்பம் ஒன்றைக் கொடுத்தார். 2001 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நிறைவேறியது. பலன் தெரிய, காற்றையும் தாய்ப்பாலையும் தொடர்ந்து அளக்க ஏற்பாடானது.

பிசிபி ஒற்றைப் பொருளல்ல, 209 வகைகள் கொண்ட குடும்பம். பழைய தொழிற்கலவை ஒவ்வொன்றிலும் வகைகளின் விகிதம் வேறு; மூலத்தைக் காட்டிக்கொடுக்கும் கைரேகை அதுவே. சிகாகோவில் ஆஸ்துமா குழந்தைகளைப் பார்க்கப் பள்ளிகளுக்குப் போகும் மருத்துவ வண்டிகளில் கருவிகளைப் பொருத்திக் காற்றைச் சேகரித்தார்கள். எந்தப் பழைய கலவைக்கும் பொருந்தாத பிசிபி-11 அதில் பரவலாக இருந்தது. 2008-இல் வெளியான அந்த ஆய்வு, மஞ்சள் சாயத் தயாரிப்பின் உடன்விளைவை நோக்கிக் கைகாட்டியது. தடைக்குப் பின்னும் புதிய பிசிபி உருவாகிக்கொண்டிருந்தது.

2011-இல் ஆர்க்டிக் காற்றுப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் இன்னொரு மூலத்தைக் கண்டார்கள். பனி உருகி, கடல் சூடேற, அங்கே பல பத்தாண்டுகளாகப் படிந்து கிடந்த பிசிபி மீண்டும் காற்றில் ஏறிக்கொண்டிருந்தது.