மலை இறக்கத்தில் அம்பாசடரும் ஃபியட்டும்

50 ஆண்டு கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. பதிவு கிடைத்துவிட்டால் மட்டும் வண்டி நின்றுவிடாது. அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி டவுனுக்குள் ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது. கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் சாலைதான் சரியான களம்.

அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. ஃபியட் 1100 பின்னாளில் பத்மினி ஆனது. இரண்டுக்கும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். முன்பக்கம்தான் வேறு: அம்பாசடருக்கு முறுக்கிக்கொடுக்கும் டார்ஷன் பார், ஃபியட்டுக்குச் சுருள் ஸ்பிரிங். குண்டும் குழியுமான சாலையில் அம்பாசடர் குலுக்கலை விழுங்கிவிடும். கொண்டை ஊசி வளைவிலோ நன்றாகச் சாயும். ஃபியட் வளைவில் சொன்னபடி திரும்பும், பள்ளத்தில் இறங்கினால் முதுகு சொல்லிவிடும்.

பிரேக்கின் யோக்கியதை இறங்கும்போதுதான் தெரியும். அந்தக் காலத்து வண்டிகள் இரண்டுக்கும் நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக், ஒரே ஆயில் இணைப்பு. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். அம்பாசடர் 1,100 கிலோவைத் தாண்டும், ஃபியட் 900 கிலோவை ஒட்டி நிற்கும். அந்த எடை வித்தியாசம் முழுவதும் இறக்கத்தில் ட்ரம்மில் சூடாக ஏறுகிறது.

இங்கே கவனம் தேவை. மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் ஷூ லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. மிதி பொதபொதவென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். முதல் கோளாறுக்கு வண்டியை ஓரங்கட்டி ஆறவிடலாம். இரண்டாவதற்கு ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

அடிவாரத்தில் நிறுத்தியதும் நான்கு சக்கரத்தருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் சிலிண்டர் இறுகியிருக்கக்கூடும்.

சமவெளிக்கு அம்பாசடர், மலைக்கு ஃபியட்: இதுவே என் தீர்ப்பு. எதுவானாலும் புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்த பிறகே மலையேற்றுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரை விடாதீர்கள்.