விண்வெளி வானியல் கருவி உருவாக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு என்னென்ன நிதியுதவிகள்?

கொச்சி: விண்வெளியிலிருந்து வானை ஆராயும் கருவிகளை உருவாக்க விரும்பும் இளம் ஆய்வாளர்கள் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் காலக்கணக்குதான். முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகை பொதுவாக 5 ஆண்டுகளில் நிறைவடைந்துவிடும். கருவியோ விண்ணை எட்டப் பத்தாண்டுக்கும் மேல் ஆகலாம். வானியலுக்கென்றே உருவாக்கப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டுக்கு 2004-ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. 2015 செப்டம்பர் 28 அன்றுதான் அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இத்தாமதத்துக்கு நிர்வாகத்தை மட்டும் குறைகூற இயலாது. அஸ்ட்ரோசாட்டில் இடம்பெற்ற யுவிஐடி எனும் புற ஊதாத் தொலைநோக்கி, பெங்களூருவை அடுத்த ஹொசக்கோட்டையில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவன வளாகத்தில், தூசு நீக்கப்பட்ட அறையில் ஒருங்கிணைக்கப்பட்டது. எண்ணெய்ப் பசையின் மிக மெல்லிய படலம் ஆடியில் படிந்தாலும் புற ஊதா ஒளி உறிஞ்சப்பட்டுவிடும். ஆதலால் பசை, வண்ணப்பூச்சு, மின்கம்பியின் உறை என ஒவ்வொரு பொருளும் வெற்றிடத்தில் ஆவியை வெளியிடுகிறதா எனச் சோதிக்கப்படுகிறது. அதன்பின் அதிர்வுச் சோதனையும் வெப்பச் சோதனையும் உண்டு. ஏவிய பிறகு பழுதுபார்க்க வழியில்லை. இப்பணியில் ஆண்டுக்கணக்கில் மூழ்கியிருப்போரின் ஆய்வுக் கட்டுரைகள் அக்காலத்தில் குறைவாகவே வெளிவரும். பணி நியமனங்களிலோ கட்டுரைகளின் எண்ணிக்கைக்கே பெரும் மதிப்பு.

இந்த இடைவெளியைக் கருத்தில் கொண்டு அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா வழங்கி வருவதே நான்சி கிரேஸ் ரோமன் தொழில்நுட்ப ஆய்வு நல்கை. நாசாவின் முதல் வானியல் பிரிவுத் தலைவராக விளங்கியவர் ரோமன் (1925-2018). அமெரிக்க நிறுவனங்களில் பணியாற்றும் தொடக்கநிலை ஆய்வாளர்கள், புதிய கருவி நுட்பங்களை வளர்த்தெடுக்கவும், பிற்காலத்தில் முழு விண்கலத் திட்டத்துக்கே தலைமையேற்கும் தகுதி பெறவும் இந்நல்கை துணைபுரிகிறது. நிலையான பணியில் அமரும்போது சொந்த ஆய்வகம் தொடங்குவதற்கான நிதியையும் தருவது இதன் தனிச்சிறப்பு.

இந்தியாவில் இத்துறையினர் பெரும்பாலும் எல்லா அறிவியல் துறைகளுக்கும் பொதுவான திட்டங்களையே நாடுகின்றனர். இளநிலை ஆய்வாளருக்கு மாதம் ரூ.37,000, முதுநிலை ஆய்வாளருக்கு ரூ.42,000 என்ற உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பின், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கையின் கீழ் மாதம் ரூ.1,25,000 ஊதியமும் ஆண்டுக்கு ரூ.7 லட்சம் ஆய்வு நிதியும் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர்களுக்கு ராமானுஜன் நல்கை உள்ளது. பணியில் அண்மையில் சேர்ந்தோருக்காக அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை 2024-இல் அறிவித்த பிரதமரின் தொடக்கநிலை ஆய்வு மானியம், 3 ஆண்டுகளில் ரூ.60 லட்சம் வரை அளிக்கிறது.

கணிதத்துக்கோ கோட்பாட்டு இயற்பியலுக்கோ ஆண்டுக்கு ரூ.7 லட்சம் தாராளமான தொகை. தூசற்ற அறைக்கும் வெற்றிடக் கலத்துக்கும் அது போதாது. ஆகவே கருவித்துறையில் நல்கையின் அளவைவிட, அதைப் பெற்றுக்கொண்டு எந்த நிறுவனத்தில் சேர்கிறோம் என்பதே முக்கியமாகிறது.

சற்றே குறுகிய வழியொன்றும் திறந்துள்ளது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்தைச் சுற்றுப்பாதையிலேயே நிறுத்தி, போயம் என்ற பெயரில் ஆய்வு மேடையாக இஸ்ரோ பயன்படுத்துகிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் ராஸ்பெர்ரி பை எனும் மலிவான சிறு கணினியைக் கொண்டு உருவாக்கிய ஸ்டார்பெர்ரிசென்ஸ் விண்மீன் உணரி, 2023 ஏப்ரல் 22 அன்று இம்மேடையில் பறந்தது. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட்டை ஏவிய ராக்கெட்டின் போயம் மேடையில், திருவனந்தபுரம் எல்பிஎஸ் மகளிர் தொழில்நுட்பக் கல்லூரியின் வீசாட் இடம்பெற்றது. பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்காமல், தம் கருவி விண்ணில் இயங்குவதைப் படிப்புக் காலத்திலேயே காணும் வாய்ப்பு இது.

மட்டாஞ்சேரி போன்ற பகுதிகளில் வசிக்கும் மாணவர்களுக்கு எட்டும் தொலைவில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையும் பன்னாட்டு ஒளியணுவியல் பள்ளியும் செயல்படுகின்றன. ஒளியியலும் மின்னணுவியலும் பயின்றோருக்குக் கருவித்துறையில் தேவை அதிகம். அடுத்த கட்டமாக நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகளின் வழியே ஆய்வு நிறுவனங்களின் நேர்காணலை எட்டலாம். அங்கு உருவாகிவரும் கருவி எந்தக் கட்டத்தில் உள்ளது, உதவித்தொகைக் காலம் முடிந்தபின் திட்ட நிதியிலிருந்து ஊதியம் தொடருமா என்பவற்றைச் சேர்வதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.