ஹலோ, பிரதமர் வீட்டிலிருந்து பேசுறோம்... 60 லட்சம் எடுத்துட்டு வாங்க!

போன்ல பேசியே காசைக் கறக்குற ஆசாமிகள் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் ஜார்க்கண்டில் இருக்குற ஜாம்தாராவைத்தான் சொல்வாங்க. 2020-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்த பிறகு அந்த ஊர்ப் பேரே வசைச்சொல் மாதிரி ஆயிடுச்சு. பாவம், அந்த ஊருக்கு ரொம்ப முன்னாடியே தலைநகர் டெல்லியில், அதுவும் பாராளுமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே, ஒருத்தர் இந்த வேலையைப் பண்ணிக் காட்டிட்டார். செல்போன் கிடையாது, ஓடிபி கிடையாது. ஒரே ஒரு கறுப்பு டெலிபோன்.

தேதி 1971 மே 24. இடம் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் பார்லிமென்ட் ஸ்ட்ரீட் கிளை. தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போன் வருது. பேசுறவர் பிரதமரின் செயலர் பி.என்.ஹக்சர் என்று சொல்லிக்கிறார். பங்களாதேஷ் சம்பந்தமான ஒரு ரகசிய வேலைக்கு உடனே 60 லட்சம் வேணுமாம். மல்ஹோத்ரா ரசீது பத்தி இழுக்கிறார். இருங்க, பிரதமரே பேசுவாங்க என்று லைன் கை மாறுது. அடுத்து வந்தது சாட்சாத் இந்திரா காந்தியின் குரல் (என்று மல்ஹோத்ரா நம்பினார்). பணத்தை எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க, ஒருத்தர் வந்து வாங்கிப்பார், ரசீதை அப்புறம் எங்கிட்ட வந்து வாங்கிக்கலாம். இதான் சாராம்சம்.

அடையாள வார்த்தைகளும் உண்டு. வர்றவர் தன்னை 'பங்களாதேஷ் கா பாபு' என்பார். இவர் பதிலுக்கு 'பார் அட் லா' என்று சொல்லணும். எம்ஜிஆர் படத்து சிஐடி சீன் மாதிரி இருக்குல்ல? :-)

சிரிக்கிறதுக்கு முன்னாடி அந்த மே மாசத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மார்ச் 25 ராத்திரி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் இறங்கி ஆட ஆரம்பிச்சாச்சு. அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துக்கிட்டு இருந்தாங்க. முக்தி வாஹினிக்கு இந்தியா மறைமுகமா உதவுதுன்னு ஊரே பேசிக்கிட்டு இருந்த நேரம். போர் டிசம்பரில்தான் வந்தது. ஆனா மே மாசமே காற்றில் அந்த வாசனை இருந்தது. மார்ச் தேர்தலில் அமோகமா ஜெயிச்ச இந்திரா கூப்பிட்டு ரகசியமாப் பணம் கேட்டா, ஒரு அரசு வங்கி ஊழியர் முடியாதுன்னு சொல்லியிருப்பாரா? ஏமாத்துறவன் சொல்ற கதை எப்பவுமே அன்னிக்குப் பேப்பரில் வந்த செய்திக்கு ஒட்டினாப்லதான் இருக்கும். இப்ப வர்ற 'உங்க பார்சலில் போதைப்பொருள் இருக்கு' போன்களும் அப்படித்தான்.

மல்ஹோத்ரா பணத்தை டிரங்குப் பெட்டியில் அடுக்கி, பேங்க் காரில் ஏத்தி, தானே ஓட்டிக்கிட்டுப் போனார். சொன்ன இடத்தில் ஒருத்தர் நின்னார். அடையாள வார்த்தை சரியா இருந்தது. பெட்டி கை மாறியது. நீங்க நேரா பிரதமர் வீட்டுக்குப் போய் ரசீது வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டு அந்த மனுஷன் டாக்ஸியில் பறந்துட்டார்.

எல்லாரும் இந்த இடத்தோட கதையை நிறுத்திட்டு மல்ஹோத்ராவைக் கேணப்பயல் ஆக்கிடறாங்க. எனக்கு என்னமோ அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாப் படுது.

மல்ஹோத்ரா நேரா பிரதமர் வீட்டுக்குப் போனார். பாராளுமன்றத்தில் இருக்காங்கன்னு சொன்னாங்க. அங்கேயும் ஓடினார். பிரதமரைப் பார்க்க முடியலை, ஆனா நிஜ ஹக்சரைப் பார்த்துட்டார். நான் போனே பண்ணலையே, முதல்ல போலீசுக்குப் போங்கன்னு அவர் சொல்லிட்டார். இந்தப் பக்கம் வங்கியில் துணைக் காசாளர்கள் வவுச்சர் எங்கேன்னு நச்சரிச்சு, வராம போனதும் மேலதிகாரிகளிடம் சொல்லிட்டாங்க. ஆக ரெண்டு பக்கமிருந்தும் சில மணி நேரத்துக்குள் விஷயம் வெளியே வந்துடுச்சு. அன்னிக்கு இரவுக்குள் ஆள் கையில். ருஸ்தம் சோராப் நாகர்வாலா, முன்னாள் ராணுவ கேப்டன். பணமும் கிட்டத்தட்ட முழுசா திரும்பக் கிடைச்சது. 60 லட்சம், 1971-ல்! அவமானமா இருக்கேன்னு மல்ஹோத்ரா ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம் வழக்கு போன போக்கு இன்னொரு பதிவு அளவுக்கு இருக்கு. நாகர்வாலா ரெண்டு பேர் குரலையும் நானே மிமிக்ரி பண்ணினேன்னு ஒப்புக்கொண்டார். மூணே நாளில் விசாரணை முடிஞ்சு நாலு வருஷ தண்டனை. விசாரணையை நடத்திய போலீஸ் அதிகாரி கஷ்யப் அதே வருஷம் நவம்பரில் கார் விபத்தில் இறந்தார். நாகர்வாலா 1972 மார்ச்சில் காவலில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் போதாதா, சதிக்கதைகள் கிளம்ப? 1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும் நீதிபதி பி.ஜெகன்மோகன் ரெட்டி தலைமையில் கமிஷன் போட்டாங்க. ஆனாலும் அது யார் பணம், ஒரு போனை நம்பி இவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுத்தது எப்படி என்கிற சந்தேகம் மக்கள் மனசிலிருந்து போகவே இல்லை. மல்ஹோத்ராவுக்கு வேலை போனதுதான் மிச்சம்.

இதுக்கு நேர் எதிரான ஒரு கேஸ் அமெரிக்காவில், 1978 அக்டோபரில். நம்ம தொழில்காரர்தான், ஸ்டான்லி மார்க் ரிஃப்கின் என்ற கம்ப்யூட்டர் கன்சல்டன்ட். லாஸ் ஏஞ்சலஸ் செக்யூரிட்டி பசிஃபிக் வங்கியில் பணம் அனுப்பும் அறைக்குள் வேலை விஷயமா போனவர், அன்றைய ரகசிய எண்ணை அங்கே ஒட்டியிருந்த துண்டுச்சீட்டில் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டார். (மானிட்டரில் பாஸ்வேர்டு ஒட்டி வெச்சிருக்கும் நண்பர்களே, உங்களைத்தான்!) வெளியே வந்து ஒரு போன் பூத்திலிருந்து அதே அறைக்கு மைக் ஹான்சென் என்கிற பேரில் பேசி, 1.02 கோடி டாலரை அனுப்பச் சொன்னார். நடுவில் அந்தப் பக்கம் இருந்த பெண் இன்னொரு எண்ணைக் கேட்டாங்க, அது அவரிடம் இல்லை. மனுஷன் அசரலை. பார்த்துட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டு, வங்கியின் வேறொரு பிரிவுக்குப் போன் போட்டு அந்த எண்ணையும் வாங்கி, திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். ஹேக்கர் கெவின் மிட்னிக் 2002-ல் எழுதின புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கதையைத்தான் சொல்றார். வங்கிக்குப் பல நாளுக்கு விஷயமே தெரியலை. அதுக்குள்ள முக்கால்வாசிப் பணம் சோவியத் வைரமா மாறிடுச்சு!

ரெண்டாவது எண்ணைக் கொடுத்த அந்த வேறு பிரிவு ஆள் தப்பு பண்ணதா நினைச்சிருக்கவே மாட்டார். ஒரு நம்பர்தானே கேட்டாங்க, கொடுத்தோம். 2006-ல் ஹியூலட் பேக்கர்ட் விவகாரத்திலும் இதே கதை. இயக்குநர் குழுவில் யார் பத்திரிகைக்குச் செய்தி கசிய விடுறாங்கன்னு கண்டுபிடிக்க அமர்த்தப்பட்ட துப்பறியும் ஆட்கள், ஒரு இயக்குநரின் வீட்டு போன் நம்பரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் வெச்சே அவர் பேரில் நுழைந்து போன் பட்டியலை எடுத்துட்டாங்க. இதுக்குன்னே அமெரிக்காவில் 2007 ஜனவரியில் தனிச் சட்டம் வந்தது. ஆக, 'நான் ஓடிபி சொல்லலை, பிறந்த தேதியும் ஆதார் எண்ணும்தான் சொன்னேன்'னு நிம்மதியா இருக்க முடியாது. அது அடுத்த போனுக்கான முதலீடு. அடுத்த தடவை பேசுறவன் உங்க பிறந்த தேதியை அவனே சொல்லித்தான் ஆரம்பிப்பான். நாமளும் பேங்க்காரன்தான் போலன்னு நம்பிடுவோம்.

நண்பனோட அப்பா ஒருத்தர், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். ஊருக்கே புத்தி சொல்றவர். ஓடிபியைச் சொல்லிட்டு நாலு நாள் வீட்டில் யார்கிட்டேயும் மூச்சு விடலை. சாப்பாடு இறங்கலைன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதுக்குள்ள பணம் எந்த ஊர், எத்தனை கணக்குன்னு யாருக்குத் தெரியும்? மல்ஹோத்ராவுக்குச் சில மணி நேரம், இவருக்கு நாலு நாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்ப அந்த ஓட்டத்துக்கு ஒரு சிஸ்டமே இருக்கு. 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணோடு தொடங்கி, பிறகு 1930 ஆக மாறிச்சு. பணம் போயிருந்தா முதல் போன் அதுக்குத்தான். நீங்க பரிவர்த்தனை விவரம் சொன்னதும் அது டிக்கெட்டா மாறி உங்க வங்கிக்குப் போகும். பணம் அங்கிருந்து வேற வங்கிக்குத் தாண்டியிருந்தா டிக்கெட்டும் பின்னாலேயே தாண்டும். எந்தக் கணக்கில் இன்னும் பணம் மிச்சமிருக்கோ அங்கே பிடிச்சு வைப்பாங்க. திருடனும் டிக்கெட்டும் ஓடுற ரேஸ் இது, லேட்டா கிளம்பினா திருடன்தான் ஜெயிப்பான். cybercrime.gov.in தளத்தில் எழுத்திலும் புகார் கொடுத்து அந்த எண்ணைப் பத்திரமா வெச்சுக்கங்க.

கையோட வங்கிக்கும் சொல்லணும். இதுக்கு ஒரு காரணம், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை. ரகசியத்தை நாமளே சொல்லித் தொலைச்சிருந்தா, வங்கிக்குத் தெரிவிக்கிற வரைக்கும் போன பணம் நம்ம தலையில். தெரிவிச்ச பிறகு போறது வங்கி தலையில். அதனால சொன்ன நேரத்துக்கு அத்தாட்சி (எஸ்எம்எஸ்ஸோ, புகார் எண்ணோ) வாங்காம போனை வைக்காதீங்க. கார்டின் பின்னால் இருக்குற நம்பருக்கே கூப்பிடுங்க. கூகுளில் தேடினா கஸ்டமர் கேர் என்கிற பேரில் அதே திருடனே உக்காந்திருப்பான்.

மத்ததெல்லாம் எதைக் கொடுத்தீங்க என்பதைப் பொறுத்தது. ஆதார் எண் போயிருந்தா கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் தளத்திலேயே இருக்கு. பான் எண் போயிருந்தா உங்க பேரில் யாராவது கடன் வாங்கியிருக்காங்களான்னு கிரெடிட் ரிப்போர்ட்டில் பார்க்கணும், வருஷத்துக்கு ஒண்ணு இலவசம். உங்க பேரில் எத்தனை சிம் இருக்குன்னு 2023-ல் வந்த சஞ்சார் சாத்தி தளம் காட்டும். எனிடெஸ்க் மாதிரி எதையாவது இறக்கச் சொல்லி இறக்கியிருந்தா, முதல்ல நெட்டை அணைச்சுட்டு அதைத் தூக்குங்க, பாஸ்வேர்டுகளை வேற போனிலிருந்து மாத்துங்க. ஸ்டார் 401 என்று ஆரம்பிக்கிற எதையாவது டயல் பண்ணச் சொன்னானா? உங்களுக்கு வர்ற போன்கள் எல்லாம் இப்ப அவனுக்குப் போய்க்கிட்டு இருக்கு. ##002# அடிச்சா ரத்தாகும்.

கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு போன் வரும். நாங்க சைபர் செல், உங்க பணம் கிடைச்சிடுச்சு, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்கன்னு. ஏமாந்தவங்க லிஸ்ட் கைமாறி வந்திருக்கும், அவ்வளவுதான்.

டிஸ்கி: நாகர்வாலா கதையை வெச்சு ரோஹின்டன் மிஸ்திரி 1991-லேயே ஒரு நாவல் எழுதியிருக்கார், 'சச் எ லாங் ஜர்னி'. மும்பை பார்சி குடும்பம் ஒண்ணுதான் களம். ஆணி கொஞ்சம் குறைஞ்சதும் அதைப் பத்தி எழுத உத்தேசம். அதுக்குள்ள யாராவது படிச்சிருந்தா முந்திக்கங்க, எனக்கு வேலை மிச்சம் :-)