வாட் கணக்கின் வரலாறு



சிவகாசிப் பட்டாசுக்கு ஓர் அளவுகோல் உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் அதன் ஓசை 125 டெசிபலைத் தாண்டலாகாது என்று 1999-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. விற்பவர் சொல்லும் எண்ணன்று அது. வெளியே நின்று கருவியால் அளக்கும் எண். காரில் பாட்டு ஒலிக்கச் செய்யும் ஆம்ப்ளிபயருக்கு, அதாவது பெருக்கிக்கு, அத்தகைய எண் வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று.

திறனை எண்ணாக்கும் வழக்கத்தில் வாணிகத்திற்கும் பங்குண்டு. நீராவி எந்திரத்தை வாங்குவோருக்கு விளங்க வைக்க ஜேம்ஸ் வாட் அதனைக் குதிரையோடு ஒப்பிட்டார். 1882-இல் வில்லியம் சீமன்ஸ், அவர் பெயரையே திறனின் அலகுக்கு முன்மொழிந்தார். ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய 746 வாட்.

எஞ்சின் ஓடும்போது கார் பாட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். பெரிய பெருக்கிகள் அதனை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும். முன்பலகையில் அமரும் சிறு கருவிக்கு அவ்வசதி இல்லை. மேலும் கீழும் ஏழேழு வோல்ட்டே ஆட்டலாம். பயனுறு மதிப்பு சுமார் 5 வோல்ட். ஐயைந்து இருபத்தைந்து, அதனை ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 6 வாட் சொச்சம், அவ்வளவே.

இரு பெருக்கிகளை எடுத்து, ஒன்று ஏறுகையில் மற்றது இறங்குமாறு அமைத்து, இடையே ஸ்பீக்கரைப் பாலம்போல் இணைத்தால் அழுத்தம் இரட்டிக்கும். திறன் நான்கு மடங்காகி 25 வாட் ஆகும். இதுவே பிரிட்ஜ் இணைப்பு. ஆனால் ஒவ்வொரு பெருக்கியும் அந்த 4 ஓமை 2 ஓமாகவே உணரும். அதன் வழியே மின்னோட்டமும் இருமடங்காகும். தாங்காதது சூடேறிக் கருகும். நான்கு மடங்கு வாட் என்றாலும் ஒலியில் கூடுவது 6 டெசிபலே.

பெட்டியிலோ ‘50 வாட்’ என்றிருக்கும். அச்சுக்குப் பெயர்பெற்றது நம் வட்டாரம்; அட்டையில் எதையும் அழகாக அச்சிடலாம் என்பதை நாம் அறிவோம். அலையின் தலையை வெட்டிச் சதுரமாக்கினால், 14-ஐ 14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க 49 வரும். இசை சிதைந்து கரகரக்கும் நிலையின் கணக்கு அது.

அமெரிக்காவில் வீட்டுப் பெருக்கிகளுக்கும் இத்தகைய உச்ச எண்கள் விளம்பரமாயின. 1974-இல் அந்நாட்டு வாணிக ஆணையம் குறுக்கிட்டு, தொடர்ந்து தரவல்ல திறனையே, ஓம், சிதைவு ஆகியவற்றுடன் சொல்லப் பணித்தது. கார்க் கருவிகளுக்கு 2003-இல்தான் சி.ஈ.ஏ.-2006 என்னும் நெறி வந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், 1 விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவு. அதுவும் கட்டாயமன்று, விரும்பியவர் ஏற்பது.

விருதுநகர்க் கடைத்தெருவில் பெட்டியைப் புரட்டும் இளைஞர் ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் எழுத்துகளை முதலில் தேடுக. பிரிட்ஜ் செய்கையில் தாங்கும் குறைந்த ஓம் எத்தனை என்பதை அடுத்துக் கேட்க.